நேராக ஓடுகிற மெஷின்

பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் மூக்கைச் சிந்திக்கொண்டே வாசல்வரை போனேன் என்று என் தங்கை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அன்றைக்குச் சளி. அந்த இரும்புக் கழுதைக்காக அழுவதற்கு எனக்கென்ன பைத்தியமா? கடைசி ஒரு வருடம் அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. நூலை அறுக்கும், ஊசியை ஒடிக்கும், நினைத்தால் எண்ணெயைக் கக்கும். வெள்ளைக் காலரில் ஒரு சொட்டு விழுந்தால் அந்தக் காலர் போனது போனதுதான். பெடலை மிதித்தால் மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். சனியன் ஒழிந்தது என்றுதான் கதவைச் சாத்தினேன்.

நான் காலர் தைக்கிறவள். சட்டை தைக்கிறவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். சட்டைக்கு உடம்பும் கையும் தைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பக்கத்துத் தெரு சட்டைக்கடையில் அந்த வேலைக்கென்றே ஒரு கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காலர் மட்டும் கட்டாகக் கட்டி என் வீட்டுக்கு வரும். காலர்தான் சட்டையின் முகம். இரண்டு முனையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரத்தை ஒட்டி ஓடுகிற மேல் தையல், தொடங்கிய இடத்தில் எவ்வளவு உள்ளே இருந்ததோ முடிகிற இடத்திலும் அவ்வளவே உள்ளே இருக்க வேண்டும். ஒரு நூல் பிசகினால், போட்டுக்கொண்டவன் எவ்வளவு நிமிர்ந்து நின்றாலும் கழுத்துச் சுளுக்கியவன் மாதிரித் தெரிவான்.

இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று கடை முதலாளியம்மா சொல்வார்கள். அவர்களுக்கு முன்னால் கடையைப் பார்த்துக்கொண்ட அவர்களுடைய மாமனாரும் சொல்லியிருக்கிறார். "அந்தம்மா கை மாதிரி வராது" என்பார். நான் வெளியே அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் எனக்குக் குளுகுளு என்றிருக்கும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டில் நானும் தங்கையும்தான். என் வீட்டுக்காரர் செத்துப்போனார், அவள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்துகொண்டே இல்லாமல் போனார். அதிலிருந்து தரைத்தளத்தில் இரண்டே அறை உள்ள இந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். பின்னறையில் கட்டிலும் அடுப்பும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு குச்சி, தலை மட்டும் உருண்டை. அதனால் குண்டூசி என்று பெயர் வைத்தேன். இப்போது தலை நரைத்தும் குண்டூசிதான். குத்துகிற குணமும் உண்டு. அதே கடையின் சட்டைகளுக்கு அவள் கையால் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பாள். நான் மெஷினில், அவள் தரையில் பாயில். என் மெஷினை அவள் தொட்டதில்லை. நான் தொடவிட்டதில்லை. அடுத்தவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷை யாராவது எடுப்பார்களா? அப்படித்தான்.

மெஷின் பழுது பார்க்க வருகிற தம்பிக்கும் குண்டூசி ஒரு பெயர் வைத்திருந்தாள், எண்ணெய் டப்பா என்று. எது கெட்டாலும் முதலில் எண்ணெய் விடுவான். அவனே ஒருநாள் எண்ணெய் விடாமல் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்லம்மா. உள்ள எல்லாமே தேஞ்சு ஆடுது. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு போகும். பேசாம புதுசு வாங்கிடுங்க."

"உங்கிட்ட யாரு அபிப்பிராயம் கேட்டா? எண்ணெய் விடு" என்றேன்.

"அக்கா, நீயும் பிடிச்ச பிடியிலயே நிக்காத" என்றாள் குண்டூசி. "உன் முட்டி வலிக்கு இனிமே பெடல் ஆகாது. மோட்டார் வச்சது வாங்கிக்கலாம். காலைச் சும்மா வச்சா போதும், அதுவா ஓடும்."

அவள் தன்னிடமிருந்த ஒரு சின்னச் சங்கிலியைக் கொடுத்துத்தான் அது வந்தது. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மெக்கானிக் தம்பியே புதியதைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பழையதை உதிரி பாகங்களுக்காக எடுத்துக்கொண்டான். புதியது வெள்ளை நிறம். ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருந்தது. காலை வைத்தால் முனகலாக ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடுகிறதா நிற்கிறதா என்று ஊசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் கட்டை அரை நாளில் முடித்துவிட்டேன். முட்டி வலிக்கவில்லை, எண்ணெய் சொட்டவில்லை. இத்தனை வருடம் ஏன் மாடு மாதிரி உழைத்தோம் என்று என்மேலேயே கோபம் வந்தது. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்ததால் முடித்ததைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விட்டு நாளாகியிருந்தது. என் கைக்குப் பார்வை எதற்கு என்ற திமிரும் உண்டு.

கடையில் முதலாளியம்மா கட்டைப் பிரித்தார்கள். மேலே இருந்த காலரை எடுத்துப் பார்த்தார்கள், அடுத்ததை எடுத்தார்கள், அதற்கடுத்ததையும் எடுத்தார்கள். பிறகு கட்டை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். எனக்கு வாய் தெரியும். உடம்பு சரியில்லையா என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு காலரை ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தேன். மேல் தையல் ஓரத்தை ஒட்டித் தொடங்கி, போகப்போக உள்ளே உள்ளே நகர்ந்து, கடைசி முனையில் ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. நேற்றுத் தையல் பழக வந்தவள் தைத்தது போல இருந்தது. எல்லாக் காலரும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் மெக்கானிக்கை வரவழைத்துக் காய்ச்சி எடுத்துவிட்டேன். கோணல் மெஷினைத் தலையில் கட்டிவிட்டான், ஏமாந்த பொம்பளைகள் என்று நினைத்துவிட்டான், இனி இந்தத் தெருவில் அவன் எப்படி நடமாடுகிறான் பார்க்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொன்று கொண்டுவந்தான். அதிலும் கோணியது. நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"அம்மா, ஒரு நிமிஷம். ஒரு துண்டுத் துணி குடுங்க" என்றான்.

கோடு போட்ட சட்டைத்துணி ஒன்றைக் கொடுத்தேன். அதை ஊசிக்கடியில் வைத்து, ஒரு கோட்டின் மேல் ஊசியை இறக்கிவிட்டு என்னை உட்காரச் சொன்னான்.

"இப்ப கால மட்டும் வைங்க. கையை எடுத்துருங்க."

"கையை எடுத்துட்டு எவளாவது தைப்பாளா?"

"சும்மா எடுங்கம்மா."

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காலை அழுத்தினேன். துணி தானாக நகர்ந்தது. கோட்டின் மேலேயே, மயிரிழை பிசகாமல், கடைசிவரை ஓடி மறுபக்கம் போய் விழுந்தது. பிறகு கையை வைத்துத் தைக்கச் சொன்னான். பாதி தூரத்தில் ஊசி கோட்டை விட்டு இறங்கியிருந்தது. எனக்குத் தெரிந்து நான் துணியை இழுக்கவே இல்லை.

"பழைய மெஷின்ல துணியைத் தள்ற பல் ஒரு பக்கமா தேஞ்சு போயிருந்துச்சும்மா" என்றான் அவன். இப்போது அவன் குரல் தணிந்திருந்தது. "துணி இடது பக்கமா ஓடும். அது ஓட ஓட நீங்க வலது கையால இழுத்துப் பிடிச்சுத் தச்சிருக்கீங்க. ரொம்ப வருஷமா. நான் முதல்ல வந்தப்பவே பாத்தேன். நேராத்தான் தைக்கிறீங்க, எதுக்குச் சொல்லிக் குழப்பணும்னு விட்டுட்டேன். இந்த மெஷின் இழுக்காது. உங்க கைதான் இன்னும் இழுக்குது."

அவனை அனுப்பிவிட்டு நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்திருக்கின்றன. இத்தனை பேர் மெச்சிய கை அதுதான். எனக்குப் பயமாக இருந்தது. மெஷின் கெட்டால் மாற்றலாம். இதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

பழைய மெஷினையே திருப்பிக் கொடு என்று மறுநாள் அவன் கடைக்குப் போனேன். அவன் தலையைச் சொறிந்தான். மேல் உடம்பை உடைத்து இரும்புக்குப் போட்டாகிவிட்டது. கால்ச்சட்டம் ஒரு டீக்கடைக்கு மேசையாகப் போய்விட்டது. அந்தத் தேய்ந்த பல்லைக் குப்பையில் தேடிப் பார்த்தானாம், கிடைக்கவில்லையாம். பாவம், உண்மையாகவே தேடியிருக்கிறான். கையெல்லாம் கரி.

அப்புறம் நான் பண்ணிய கூத்தை எல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். வலது கையைப் புடவைத் தலைப்பால் இடுப்போடு கட்டிக்கொண்டு இடது கையால் மட்டும் தைத்துப் பார்த்தேன். விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பார்த்ததில் ஊசி நகத்தில் ஏறிவிட்டது. குண்டூசி விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு மருந்து போட்டுவிட்டாள். கையை மறக்கச் சொல்லி மனசுக்குச் சொல்லலாம். கைக்கு யார் சொல்வது? பேச்சுக் கொடுத்துக்கொண்டே தைத்தால் நேராக வரும் என்று அவள் யோசனை சொன்னாள். பேசிக்கொண்டே தைத்தேன். பேச்சு சுவாரசியமானதும் கை தன் குணத்தைக் காட்டிவிட்டது.

முதலாளியம்மா இன்னும் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே சொல்லியனுப்பவும் செய்தார்கள். மூலை வீட்டுப் பெண் காலர் வேலை கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம், அடுத்த கட்டும் இப்படி வந்தால் அவளிடம் கொடுக்கலாமா என்று என்னையே கேட்கிறார்களாம். மரியாதை தெரிந்தவர்கள். வேலையைப் பிடுங்குவதற்குக்கூட அனுமதி கேட்கிறார்கள்.

காலர் போனால் எனக்கு என்ன மிச்சம்? பொத்தானுக்குக் குண்டூசி இருக்கிறாள். அந்த வேலை ஒருத்திக்கே போதாது. பிள்ளை குட்டி என்று எனக்கு யாரும் இல்லை. இந்த வீட்டில் நான் அக்கா என்றால் அந்த மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால்தான் அக்கா. எழுந்து வந்துவிட்டால் தங்கை சம்பாதித்துப் போடுவதைச் சாப்பிடுகிற ஒரு கிழவி.

அடுத்த கட்டை ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். தைத்து முடித்ததும் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். நாலில் ஒன்று பரவாயில்லை. மற்றதெல்லாம் கோணல்.

"கோணலெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள் குண்டூசி, காலரைத் தூரப் பிடித்துப் பார்த்து. "நேராத்தான் இருக்கு. உன் கண்ணுலதான் புரை, அதான் உனக்கு அப்படித் தெரியுது. இங்க வை. கட்டி வைக்கிறேன், நீ மாத்திரையைப் போட்டுட்டுப் படு. நாளைக்குக் குடுக்கலாம்."

மறுநாள் பயந்துகொண்டேதான் கடைக்குப் போனேன். முதலாளியம்மா கட்டைப் பிரித்து ஒவ்வொரு காலராக எடுத்து அடுக்கினார்கள். ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. "வந்துருச்சுக்கா, உங்க கை வந்துருச்சு" என்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கு அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். வருகிற வழியில் குண்டூசிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தேன். தப்பு கண்ணில்தான், கையில் இல்லை. கண்ணுக்கு ஆபரேஷன் இருக்கிறது. அதற்கடுத்த கட்டும் எனக்குக் கோணலாகத்தான் தெரிந்தது, அதுவும் மறுபேச்சில்லாமல் போயிற்று. எனக்குப் பழைய நடை வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரரிடம் ஒரு சண்டைகூடப் போட்டேன்.

பிறகு ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து சிப்பந்திகளுக்கான சட்டை ஆர்டர் கடைக்கு வந்தது. எல்லாம் வெள்ளை. வெள்ளையில் வெள்ளை நூல், ஒரு பிசகும் மறையாது. "இதை உங்களைத் தவிர யாரை நம்பிக் குடுப்பேன்?" என்று முதலாளியம்மா ஒரு பெரிய கட்டை என் கையில் வைத்தார்கள். அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்குள் ஒரு பேராசை கிளம்பியது.

கை திரும்பிவிட்டது, சரி. ஆனால் தைக்கும்போது எனக்குச் சுகமாக இல்லை. ஒவ்வொரு காலருக்கும் என் கையோடு நானே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. பழைய மாதிரி, யோசனை எங்கோ இருக்க, கை தன் பாட்டுக்குத் தைக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான். கை மாறாது என்றால் மெஷின் மாறட்டும்.

குண்டூசி தன் சிநேகிதி வீட்டுக்குப் போன ஒரு காலை வேளையில் மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

"தம்பி, இந்த மெஷின் பல்லை எடுத்து ஒரு பக்கமா அரம் போட்டுத் தேச்சுக் குடு."

அவன் என் முகத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தான். "விளையாடுறீங்களா? புது மெஷினை யாராவது கெடுப்பாங்களா?"

"கெடுக்கச் சொல்லல. எனக்குப் பழக்கிக் குடுன்னு சொல்றேன். பழசு எந்தப் பக்கம் தேஞ்சிருந்துச்சோ, அதே பக்கம்."

"அது வேணாம்மா. நான் சொல்றதைக் கேளுங்க."

"என் மெஷின், என் பல்லு. உனக்கு என்ன வந்துச்சு? முடியாதுன்னா சொல்லு, அரத்தைக் குடுத்துட்டுப் போ. நானே தேச்சுக்கிறேன்."

இதற்குமேல் என்னிடம் யார் பேசுவது? பல்லைக் கழற்றி, இடுக்கியில் பிடித்து, முனகிக்கொண்டே தேய்த்தான். மாட்டிவிட்டு ஒரு துண்டுத் துணியை ஓட்டினான். துணி இடது பக்கம் ஓடியது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வா மகளே என்று உட்கார்ந்து வெள்ளைக் காலரை எடுத்தேன்.

அது பழைய ஓட்டம் இல்லை. பழையது துணியைச் சாவகாசமாக, ஒரே சீராக இழுத்துக்கொண்டு போகும். இது கொஞ்சதூரம் நேராகப் போய் வெடுக்கென்று இழுத்தது, பிறகு விட்டது, மறுபடி வெடுக்கென்றது. என் கை அது இழுக்காதபோது இழுத்தது, அது இழுத்தபோது திகைத்து நின்றது. தையல் பாம்பு போனது மாதிரி வளைந்தது. இன்னும் கொஞ்சம் தேய் என்றேன். தேய்த்தான். இன்னும் மோசமானது. அந்தப் பக்கம் லேசாகத் தேய் என்றேன். அதற்குப் பிறகு துணியையே சரியாக நகர்த்தவில்லை, ஒரே இடத்தில் நின்று குத்தியது.

"அது அத்தனை வருஷம் ஓடித் தேஞ்சதும்மா. நான் அரத்தால கொண்டுவர முடியுமா?" என்றான் அவன். "விடுங்க, வேற பல் கடையில கிடைக்கும். நாளைக்குக் கொண்டுவந்து மாட்டுறேன்."

அவன் போனபிறகும் நான் எழுந்திருக்கவில்லை. போகப் போக வந்துவிடும் என்று வெள்ளைக் காலரை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தைத்தேன். நான் எப்போதுமே பிடிவாதக்காரி. குண்டூசி வந்தபோது பாதிக் கட்டு முடிந்திருந்தது.

செருப்பைக் கழற்றியவள், தரையில் கிடந்த காலர்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெஷினண்டை குனிந்து, தட்டுக்கடியில் கிடந்த இரும்புத் தூளை விரலால் தொட்டாள்.

"என்னக்கா பண்ணின?"

சொன்னேன். அவள் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்துவாள் என்று நானும் பதிலுக்குத் தயாராக இருந்தேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"நாளன்னிக்குக் குடுக்கணுமே. இனிமே எதை வச்சுத் தைப்பேன் நான்?"

"நீ எதுக்குடி தைக்கணும்?"

அவள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் நான் கேட்டேன். சில விஷயங்களைக் காதால் கேட்டால்தான் எனக்கு உறைக்கும்.

"அந்த ரெண்டு கட்டும்?"

"நான்தான்க்கா. பிரிச்சுட்டுத் திரும்பத் தச்சேன்."

"எப்ப?"

"மத்தியானம் நீ பிரஷர் மாத்திரை போட்டுட்டுத் தூங்குவியே, அப்ப. இந்த மெஷின்தான் சத்தம் போடாதே." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா நீ தாங்க மாட்டேன்னு சொல்லல. போகப் போக உனக்கே வந்துடும், அதுவரைக்கும் ஓட்டலாம்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. நான் தைத்ததை நூல் நூலாகப் பிரிக்கும்போது அவள் என்ன நினைத்திருப்பாள்? பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தபோது என்ன நினைத்திருப்பாள்? பிரித்துச் சாப்பிட்டாளே, நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னாளே.

மறுநாள் காலை மெக்கானிக் வேறு பல் கொண்டுவந்து மாட்டினான். சட்டைப் பையிலிருந்து எடுத்தான், விரல் நீளம்கூட இல்லை. இரண்டு திருகு, முடிந்துவிட்டது. துணியை வைத்து ஓட்டிக் காட்டினான், நேராக ஓடியது. நான் எழுந்து நாற்காலியைக் குண்டூசியிடம் தள்ளினேன்.

"உக்காரு. நான் பாக்கணும்."

"வேணாம்க்கா."

"உக்காருடி."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நான் பாழாக்கிய வெள்ளைக் காலர் ஒன்றைப் பிரித்து, ஊசிக்கடியில் வைத்தாள். துணியின் மேல் அவள் விரல்கள் சும்மா கிடந்தன. பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. முனை வந்ததும் ஊசியை இறக்கித் திருப்பினாள், மறுபடி விரல்கள் சும்மா கிடந்தன. அவள் கைக்கு எந்த மெஷினையும் தெரியாது. அதனால் இந்த மெஷின் சொன்னபடி கேட்டது. முடித்து என்னிடம் நீட்டினாள். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நேராக இருந்தது. புரை விழுந்த என் கண்ணுக்கும் அது நேராகத்தான் தெரிந்தது. என் கண் ஒருநாளும் என்னை ஏமாற்றவில்லை.

அன்று முழுவதும் அவள் தைத்தாள். நான் பாயில் உட்கார்ந்து, நான் தைத்ததையெல்லாம் பிளேடால் பிரித்துப் பிரித்து அவளிடம் கொடுத்தேன். பிரிக்கிற வேலையில் என் கை பழுதில்லை.

கட்டை நீயே கொண்டுபோய்க் கொடு என்று குண்டூசியிடம் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். "உன் பேருலதான வேலை வருது. நான் தைக்கிறேன்னு தெரிஞ்சா யாரோ எவளோன்னு மூலை வீட்டுக்காரிகிட்ட குடுத்துடுவாங்க. நீயே போ." அவள் சொன்னதில் தப்பில்லை. நான்தான் போனேன்.

முதலாளியம்மா வெள்ளைக் காலர்களை மேசைமேல் பரப்பினார்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து முனைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு நூல் பிசகில்லை. கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டார்கள். அவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். முதலாளியம்மா என் வலது கையைப் பிடித்து மேசைமேல் வைத்து விரல்களை விரித்தார்கள்.

"பாருங்கடி, இந்தக் கையைப் பாருங்க. இந்த வயசுல புது மெஷின்ல உக்காந்து இதைத் தச்சிருக்காங்க. நீங்கள்லாம் மெஷினைக் குத்தம் சொல்றீங்க."

பெண்கள் என் கையைப் பார்த்தார்கள். ஒருத்தி தொட்டுக்கூடப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் ஒரு நிமிடம் வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன என்று யோசித்தேன். கை மேசைமேல் அப்படியே கிடந்தது.

"பத்திரமா வச்சுக்கங்கக்கா இந்தக் கையை" என்றார்கள் முதலாளியம்மா.

"சரிம்மா. அடுத்த கட்டு எப்ப?" என்றேன்.

அப்போதே கொடுத்தார்கள். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மெஷின் பக்கத்தில் வைத்தேன். குண்டூசி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார்கள் என்றேன். அவள் முதல் காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள், காலை வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், நூலைச் சரிசெய்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் பாழாக்கியதைச் சரிசெய்தாள், இது முழுக்க என் வேலை. நான் அங்கே உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கை ஓடாது என்று புரிந்தது.

எனக்கு ஒரு மாதிரி அசதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பின்னறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. தூங்குகிறவள் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தேன், அவள் ஆரம்பிக்கட்டும் என்று.